திரு. டிம்ஸ் கப்பலைத் தவறவிட்டது குறித்து

பெல்மோர்ன்,
கிரெனடா.
வியாழக்கிழமை, காலை ஆறே கால் மணி.

அன்புத் தங்கை யூலாலிக்கு,

அண்ணன் எவரார்ட் எழுதுவது. இங்கே நான் நலம், இடது முழங்கால் நீங்கலாக. வீடு நலம், கூரையும் நலம். போன மாதக் காற்றில் சாய்ந்த வாழை, சாய்ந்தபடியே குலை தள்ளியிருக்கிறது. அங்கே நீயும் லீட்ஸின் குளிரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து படி. யாருக்கும் அடிபடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு சொல்லப்போவது எதுவும் நன்றாக இருக்காது.

நேற்று ஆறு மணி நேரத்துக்கு நீ என்னிடம் ஒப்படைத்த திரு. வால்டர் டிம்ஸ் அவர்களை நான் திரும்பக் கப்பலில் ஏற்றவில்லை. கப்பல் போய்விட்டது. அவர் போகவில்லை. இந்த நிமிடம் என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறார். நான் நாற்காலியில் இருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ முடித்துவைத்துவிடுகிறாய். பெரும்பாலும் நான் முடித்திருக்கக்கூடியதைவிட நன்றாகவே முடிக்கிறாய், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தப்பை நான் செய்தேன், இதன் வாக்கியங்களையும் நானேதான் முடிக்க வேண்டும்.

போன மாதம் நீ எழுதியிருந்ததை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "அண்ணா, வால்டர் தன் பழைய ரயில்வே நண்பர்களோடு கப்பலில் வருகிறார். எனக்குத்தான் கப்பல் என்று எழுதினாலே குமட்டும், அதனால் நான் வரவில்லை. தீவு அவருக்குப் பிடித்துவிட்டால், கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் நம் வீட்டிலேயே வந்து இருந்துவிடுவோம். பிடிக்கவில்லை என்றால் இங்கேயே அவர் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறோம், அதை வாங்கிவிடுவோம். ஆறு மணி நேரம் இருக்கிறது. காட்டு. பயமுறுத்தாதே." இப்படி எழுதியிருந்தாய். நாற்பத்தொரு வருடமாக நான் உன்னை ஒருமுறையும் வா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் வற்புறுத்துவது போலாகிவிடுமோ என்று ஒரு பயம். கூப்பிடாமலே இருந்தால் வேண்டாம் என்று நினைத்துக்கொள்வாயோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் உன் அறையை மட்டும் வாரம் ஒருமுறை பெருக்கி வந்தேன். இந்த ஆறு மணி நேரத்தை ஒழுங்காகச் செய்துவிட்டால் வா என்ற வார்த்தையை நான் சொல்லவே வேண்டியிருக்காது என்று எனக்குப் பட்டது. ஆகவே திட்டம் போட்டேன்.

வரைபடத் தாளில் போட்டேன். காலை ஒன்பதிலிருந்து, மூன்றரைக்குக் கிளம்பும் கப்பலில் அவர் ஏற வேண்டிய மதியம் மூன்று வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு சதுரம், மொத்தம் எழுபத்திரண்டு சதுரம். கோட்டைக்குப் பத்து, அருவிக்குப் பன்னிரண்டு, ஜாதிக்காய்க் கிடங்குக்கு ஏழு, டெல்ஃபின் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒன்பது. உன் அறைக்கு மூன்று சதுரம், அதை மட்டும் பச்சை மையால் நிரப்பினேன். எதிர்பாராததற்கு என்று கடைசியில் மூன்று. பேருந்து நிற்கும் சாலை முனையிலிருந்து நம் வீடு வரை உள்ள ஏற்றத்தை நானே மூன்று நாள் நடந்து அளந்தேன். அறுநூற்று நாற்பது மீட்டர், ஒன்பது நிமிடம், மூன்று நாளும் அதே ஒன்பது நிமிடம். நில அளவையில் முப்பத்துநாலு வருடம் சங்கிலி இழுத்தவனுக்கு மூன்று முறை ஒரே விடை வந்தால் அதற்கு மேல் சந்தேகம் வராது. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிற எனக்கே வரவில்லை. ஆனால் கையில் நிறுத்துகடிகாரத்தோடு நடப்பதை யாராவது பார்த்துவிட்டால் ஊர் சிரிக்குமே என்ற கூச்சத்தில், மூன்று நாளும் விடியற்காலை ஐந்தரைக்கு, ஒருவரும் வெளியே வராத நேரத்தில் நடந்தேன். யூலாலி, நீ இதைப் படிக்கும்போதே தப்பு எங்கே என்று கண்டுபிடித்திருப்பாய். எனக்கு நேற்று அவரோடு ஏற்றம் ஏறும்வரை தெரியவில்லை.

துறைமுக வாசலில் நிற்க, அவர் பெயர் எழுதிய அட்டை ஒன்று செய்திருந்தேன். வரைபடங்களுக்கு எழுதுகிற அதே சின்ன எழுத்தில், மிகச் சுத்தமாக. ஒரு மீட்டருக்குள் வந்தால் தெளிவாகப் படிக்கலாம். ஒரு மீட்டருக்குள் யாரும் வரவில்லை. கப்பலிலிருந்து இரண்டாயிரம் பேர் இறங்கினார்கள். அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். கூட்டமெல்லாம் வடிந்தபின் பார்த்தால் எனக்குப் பின்னால் பத்தடியில், ஒரு பழைய தோல் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, உயரமான ஒரு பெரியவர் நாற்பது நிமிடமாக நின்றுகொண்டிருக்கிறார். அவருக்கும் யாரையாவது கேட்கக் கூச்சமாம். எட்டு சதுரம் போயிற்று. பையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், தர மறுத்துவிட்டார். நல்ல கனம். ஆறு மணி நேரத்துக்கு இறங்குகிறவருக்கு ஏன் அவ்வளவு பெரிய பை என்று தோன்றியது. கேட்கவில்லை.

கோட்டைக்கு ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இளநீர் விற்கிற அம்மாவிடம் அவர் நேரே போய், "மேல போக இதுதான் வழியா?" என்று கேட்டார். அந்த அம்மா, "குட்மார்னிங்," என்றாள். "மேல போறதுக்கு வழி இதுதானா?" என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். "குட்மார்னிங்," என்றாள் அதே சத்தத்தில். அவருக்குக் காது கேட்காதோ என்று அந்த அம்மாவும், அந்த அம்மாவுக்குக் காது கேட்காதோ என்று அவரும் பார்த்துக்கொண்டார்கள். நான் அவர் காதோரம் சொன்னேன்: "இங்க முதல்ல வணக்கம் சொல்லணும். சொல்லாம எதைக் கேட்டாலும் பதில் வராது. வழியில போறவங்களுக்கும் சொல்லணும்."

அவர் முகம் சிவந்தது. போயிற்று, அவமானப்படுத்திவிட்டோம், பயமுறுத்தாதே என்று தங்கை சொன்னாளே என்று நினைத்துக்கொண்டேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"ரயில்வே சிக்னல் கேபின்ல முப்பத்தெட்டு வருஷம் இருந்தேன், மிஸ்டர் எவரார்ட். அடுத்த கேபின்காரன் மணி அடிச்சா நான் அதே மாதிரி திருப்பி அடிக்கணும். அடிக்காட்டி ஒரு வண்டியும் நகராது. அது மாதிரியா இது?"

"ஏறக்குறைய அதேதான்," என்றேன்.

"அப்ப துறைமுகத்துலேருந்து இங்க வர்றதுக்குள்ள நான் எத்தனை மணிக்குப் பதில் அடிக்காம வந்திருக்கேன்?"

எனக்குப் பொய் சொல்ல வராது. ஆறு பேர் வணக்கம் சொன்னார்கள், அவர் கவனிக்கவில்லை என்றேன். அவர் இளநீர் அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, திரும்பி இறங்கி நடந்தார். ஆறு பேரையும் தேடிப் பிடித்து ஒவ்வொருவருக்கும் தொப்பியைத் தூக்கி, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு வணக்கம் சொன்னார். ஒருவர் அதற்குள் மீன் சந்தைக்குள் போய்விட்டிருந்தார், உள்ளே போய்த் தேடினோம். கோட்டை அத்தோடு முடிந்தது. அதன் பத்து சதுரத்தையும் அடித்துவிட்டேன்.

பேருந்து கத்பர்ட்டுடையது. கண்ணாடியில் 'பொறுமை' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, வளைவுகளில் இரண்டு சக்கரத்தில் போகிறவன் என்று முன்பே எழுதியிருக்கிறேனே, அவன்தான். வண்டிக்குள் ஏறும்போதே திரு. டிம்ஸ் எல்லாருக்கும் பொதுவாக உரக்க வணக்கம் சொன்னார். பதினைந்து பேரும் ஒன்றாகப் பதில் சொன்னார்கள். அவர் மடக்கு இருக்கையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்து, "எல்லா மணியும் வந்துடுச்சு, இனி வண்டி போலாம்," என்றார் தனக்குத் தானே.

கத்பர்ட் கண்ணாடி வழியாகப் பார்த்து, "யாரு சார் இது, கவர்மென்ட் ஆளா? நீங்க கூட்டிட்டு வர்றதைப் பார்த்தா யாரோ நிலத்தை அளக்க வந்த மாதிரி இருக்கு," என்றான்.

என் தங்கை யூலாலிக்குத் தெரிந்தவர் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல், "தெரிஞ்சவர்னா எவ்வளவு தெரிஞ்சவர்?" என்றது. திரு. டிம்ஸ் திரும்பி, "கல்யாணம் பண்ணிக்கிற அளவுக்கு," என்றார். அந்த நிமிடத்திலிருந்து செய்தி எங்களைவிட வேகமாக ஊருக்குப் போய்விட்டது. கத்பர்ட் ஓட்டும்போது செய்தி எப்படி முந்தும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சாலை முனையில் பத்து ஐம்பதுக்கு இறங்கினோம். இன்னும் நிலைமை கைமீறவில்லை. அருவியை விட்டுவிட்டால் உன் அறையின் மூன்று சதுரம் பத்திரமாக இருந்தது. ஒன்பது நிமிட ஏற்றம். பதினான்கு வீடு. பதினான்கு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

அறுபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நாற்பத்தொரு வருடத்தில் நீ மறந்திருக்க மாட்டாய், ஒரு வணக்கம் வணக்கத்தோடு நிற்பதில்லை. யூலாலிக்கு இப்போது தலை நரைத்துவிட்டதா, இன்னும் பாடுகிறாளா, உங்களுக்கு எத்தனை பிள்ளை, முதல் மனைவி எப்படிப் போனாள், இருக்கட்டும், ஒரு மாம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றுக்கும் சளைக்காமல் பதில் சொன்னார். நான் ஒவ்வொரு வாசலிலும் அரை அடி முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் எனக்கு முறைப்பும் கிடைத்தது. ஐந்தரை மணிக்கு நடந்த எவரார்ட் என்ற முட்டாள் அளந்தது வெறும் பாதையைத்தான் என்று ஐந்தாவது வீட்டில் எனக்கு உறைத்தது. பாதையில் இருக்கிற ஜனங்களைச் சேர்க்க மறந்துவிட்டேன். வெளியூர்க்காரன் திட்டம் போட்டிருந்தால் விசாரித்து, வணக்கத்துக்கு நேரம் ஒதுக்கியிருப்பான். நமக்கு அது மூச்சு விடுவது மாதிரி, மூச்சு விடுவதற்கு யார் சதுரம் ஒதுக்குவார்கள்?

ஒன்பதாவது வீடு லூசியனுடையது. அவருடைய சீமைப்பலா மரம் நிற்பது எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் நிலத்தில் என்று நான் அளந்து சொன்னதிலிருந்து, பதினேழு வருடமாக என் வணக்கத்துக்கு அவர் பதில் சொன்னதில்லை. நானும் தினம் சொல்லாமல் இருந்ததில்லை. நேற்றும் சொன்னேன், அவர் வழக்கம்போல் வானத்தைப் பார்த்தார். நான் நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் திரு. டிம்ஸ் நகரவில்லை.

"வாங்க, அவர் பேச மாட்டார்," என்றேன்.

"நீங்க அடிச்ச மணிக்குப் பதில் வரலையே. வராம நான் எப்படி நகர்றது?" என்று அங்கேயே நின்றார். பையைக் கீழே வைக்கவும் இல்லை. தொப்பியைக் கையில் பிடித்து, வெயிலில், பதினொரு நிமிடம். தொண்ணூற்றொரு வயது லூசியனுக்கு வானத்தைப் பார்த்துக் கழுத்து வலித்திருக்க வேண்டும்.

"குட்மார்னிங்," என்றார் கடைசியில், டிம்ஸைப் பார்த்து. பிறகு என் பக்கம் கண்ணைத் திருப்பாமல், "அந்தச் சங்கிலிக்காரனுக்கும்தான்," என்றார்.

அந்தப் பதினொரு நிமிடத்துக்காக நான் வருத்தப்பட வேண்டும், யூலாலி. பட்டுப் பார்த்தேன், வரவில்லை. அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

டெல்ஃபின் வாசலை அடைந்தபோது மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் விடைகளைப் பார்த்து எழுதியவள், இன்றுவரை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவள். பதினொன்றரைக்கே சாப்பாடு கொதிக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். பானையில் எல்லாம் அழகாக அடுக்கியிருந்தாள். அடியில் உப்புக்கண்டம், மேலே சீமைப்பலாத் துண்டு, மாவு உருண்டை, எல்லாவற்றையும் மூடிச் சேப்பங்கிழங்கு இலை, மஞ்சள் கரைத்த தேங்காய்ப்பால். அடுப்பில் நெருப்பு இல்லை.

"டெல்ஃபின், நெருப்பு எங்கே?"

"சங்கிலியாரே, உங்க தாளைப் பார்த்து நான் அடுப்பு வெக்கணுமா, ஆளைப் பார்த்து வெக்கணுமா? லூசியன் வாசல்ல மாட்டிக்கிட்டாங்கன்னு செய்தி வந்துச்சு. முன்னாடியே வெச்சு அடி பிடிச்சிருந்தா யூலாலி என்னைத்தானே திட்டுவா." பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இவர்தானா மாப்பிள்ளை? பை பெருசா இருக்கே. மதியச் சாப்பாடு வீட்லயே கட்டிக்கிட்டு வந்துட்டாரா? நம்ம சமையல் மேல அவ்வளவு நம்பிக்கை."

அவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். அவள் பதில் சொல்லிவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழித்தாள்.

தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் பிரிகிற வரை மூடியைத் திறக்கக் கூடாது, அவசரப்படுத்தவும் முடியாது. நான் பானைக்குப் பக்கத்தில் நிறுத்துகடிகாரத்தோடு நின்றேன். டெல்ஃபின் அகப்பையால் என்னை ஒதுக்கினாள். "அதுகிட்ட உங்க கடியாரத்தைக் காட்டாதீங்க. பயந்து பால் திரிஞ்சிடும்." நம் வீடு பன்னிரண்டு தப்படியில் இருந்தது. மூன்று முறை அவர் தோளைத் தொட்டு, "அந்த அறையை ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடலாமா?" என்றேன். மூன்று முறையும் டெல்ஃபின், "பானை கொதிக்குது, விருந்தாளி எழுந்து போறதாவது," என்று உட்காரவைத்துவிட்டாள். தரையைத் தேய்த்து மெழுகு போட்டு, புதுத் திரை தைத்து வாங்கி, சன்னல் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். கடல் தெரிகிற அந்தச் சன்னல்தான். அவர் எழுந்திருக்கவும் முயலவில்லை, அறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அக்கம்பக்கத்திலிருந்து வந்து பானையைச் சுற்றி உட்கார்ந்த கூட்டத்தில் சிக்னல் கேபின் மணிகளைக் கையால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அறையைக் கேட்காதவருக்குத் தீவு பிடிக்கவில்லை என்று நான் புரிந்துகொண்டேன்.

ஒன்று நாற்பதுக்குப் பானை இறங்கியது. இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவிக் கிளம்பும்போது இரண்டு ஐந்து. கணக்குப் போட்டேன், ஒன்பது நிமிட இறக்கம், கத்பர்ட் முனையில் காத்திருக்கிறான், ஓடினால் மூன்று மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் போய்விடலாம். ஆட்களைத்தான் காலையிலேயே பார்த்தாயிற்றே, இனி பார்க்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். முதல் வாசலைத் தாண்டும்போது, "குட் ஆஃப்டர்னூன்," என்ற குரல் கேட்டது.

யூலாலி, மதியம் ஆகிவிட்டது. காலையில் சொன்ன வணக்கம் பன்னிரண்டு மணியோடு செல்லாது. பதினான்கு வீட்டுக்கும் மறுபடி முதலிலிருந்து. அவரிடம் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், இந்த வயதில் அப்படியும் ஒரு புத்தி. ஆனால் அவரே புரிந்துகொண்டு தொப்பியைக் கழற்றிவிட்டார். "அதானே, ஷிஃப்ட் மாறிடுச்சு," என்றார். லூசியன் இந்த முறை இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னார், கூடவே ஒரு சீமைப்பலாவையும் என் கையில் கொடுத்தார். அந்த மரத்தின் காய்தான். அதை வாங்காமல் ஓடச் சொல்கிறாயா? முனைக்கு வரும்போது மூன்று. கத்பர்ட் தன் வாழ்நாளிலேயே வேகமாக ஓட்டினான், அதாவது வழக்கமான வேகத்தில். துறைமுகத்தை அடைந்தபோது மூன்று நாற்பது.

கப்பல் கரையை விட்டு இருநூறு மீட்டர் தள்ளியிருந்தது. என் கண்ணளவு தப்பாது. மேல்தளத்தில் நாலைந்து கிழவர்கள் கையை ஆட்டிக் கத்தினார்கள். அவருடைய ரயில்வே நண்பர்களாக இருக்க வேண்டும், பதறியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்க ஏனோ சிரிக்கிற மாதிரி இருந்தது. நான் சீமைப்பலாவைக் கட்டிக்கொண்டு கல்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தொப்பியை ஆட்டிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு வண்டியையும் நான் தாமதமா அனுப்பினதில்லை," என்றார். அது எனக்குச் சொன்ன குத்தல்தானே? நான் மன்னிப்புக் கேட்டேன். "கப்பல்ல உங்க சாமானெல்லாம் இருக்குமே," என்றேன். "கழுத்துல கட்டுற டை ஒண்ணு இருக்கு. எனக்கு அது எப்பவுமே பிடிக்காது," என்றார். என்ன பெருந்தன்மை பார்.

துறைமுகத்தில் சீருடை போட்ட ஒரு பெண் வந்தாள், வணக்கம் எல்லாம் முறையாக ஆயிற்று. "பாஸ்போர்ட்டைக் கப்பல்லயே விட்டுட்டீங்கதானே? எல்லாரும் அப்படித்தான்," என்றாள். அவர் பையைத் தட்டி, "இங்க இருக்கு," என்றார். அவள், "பரவாயில்லையே. பாஸ்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டுக் கப்பலை விட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை," என்றபடி எங்களைக் குடியேற்ற அலுவலரிடம் அழைத்துப் போனாள். ஒரு மாதத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் வாசலுக்குப் போய் யாருக்கோ போன் பேசினார். யாருக்கு என்று கேட்டேன், தெரிய வேண்டியவருக்குச் சொல்லிவிட்டேன் என்றார். கப்பல் கம்பெனியாக இருக்கும். சாப்பிட்டவுடன் தூங்கிவிட்டார். உன் அறையைத் திறந்து கொடுக்கலாமா என்று யோசித்தேன். இன்னும் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளாத ஒருவரை உன் அனுமதி இல்லாமல் உன் அறையில் படுக்கவைப்பது சரியா தப்பா என்று முடிவு செய்ய முடியவில்லை. ஆகவே என் கட்டிலைக் கொடுத்தேன். மேலும் அந்த அறையை இனிமேல் அவருக்குக் காட்டி என்ன பயன்?

கோட்டை பார்க்கவில்லை, அருவி பார்க்கவில்லை, ஜாதிக்காய்க் கிடங்கு பார்க்கவில்லை, உன் அறை பார்க்கவில்லை. ஆறு மணி நேரத்தில் அவர் இந்தத் தீவில் பார்த்ததெல்லாம் அறுநூற்று நாற்பது மீட்டர் சாலை, அதையும் இரண்டு முறை. இப்படிப்பட்ட அண்ணன் இருக்கிற ஊருக்கு நேரம் தவறாத ஒரு மனிதர் குடிவர மாட்டார். ஆகவே, தங்கையே, லீட்ஸில் அந்தச் சின்ன வீட்டை வாங்கிவிடு. மகள் பக்கத்தில் இருப்பது அவருக்கும் நல்லது. மாடிப்படி அதிகம் இல்லாமல் பார்த்துக்கொள். உன் அறையைப் பற்றி இனி எழுத மாட்டேன். பெருக்குவதை நிறுத்திவிடுவேன் என்று அர்த்தமில்லை, எழுத மாட்டேன், அவ்வளவுதான். அவரை எப்படித் திருப்பி அனுப்புவது என்று இன்று விசாரித்து மறுபடி எழுதுகிறேன்.

கடவுள் உன்னை நனையாமலும் வழுக்காமலும் வைத்திருக்கட்டும். நம் அம்மா அப்பாவின் ஆசி எப்போதும் உன்மேல் இருக்கிறது, அதற்கு என் சிபாரிசு தேவைப்பட்டதில்லை. அவருடைய மகளுக்கு என் மரியாதையையும் மன்னிப்பையும் தெரிவி. டெல்ஃபின் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள், நீ இன்னும் அவளுக்கு ஒரு பச்சை ரிப்பன் தர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள்.

என்றும் உன் நலம் நாடும்,
அண்ணன் எவரார்ட்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாவற்றையும் கிழித்துவிடு. வீட்டை வாங்காதே. முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் திரும்பக் கேள்.

ஏழு மணிக்கு அவர் எழுந்து வந்தார். எனக்கு வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். மேசையில் இத்தனை தாளையும் பார்த்து, "யூலாலிக்கு மன்னிப்புக் கடிதமா?" என்றார். ஆமாம் என்றேன். "எழுதுவீங்கன்னு சொன்னா," என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்தார். உள்ளே நான்கு சட்டை, இரவு உடை, ஒரு மாதத்துக்கான மாத்திரை, சவரப் பெட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் உறை. உன் கையெழுத்தில் என் பெயர். "நான் கப்பலைத் தவறவிட்டா மட்டும் இதை உங்ககிட்ட குடுக்கணும், ஏறிட்டா பிரிக்காம திருப்பிக் கொண்டுவரணும்னு சொன்னா. நேத்தே குடுத்திருக்கணும், நீங்க சீமைப்பலாவைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க, கையே காலியா இல்லை."

கப்பலைத் தவறவிடுவது என்று எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். லூசியன் வாசலில் என்றார். பன்னிரண்டு மணிக்குப் பிறகு அவர் கடிகாரத்தையே பார்க்கவில்லை என்பது இப்போதுதான் என் நினைவுக்கு வருகிறது. இரண்டு பேரில் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

நீ எழுதியதை உனக்கே திருப்பி எழுதுவது வேண்டாத வேலை, ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. "அண்ணா, வால்டர் தவறவிட வேண்டும் என்று நினைத்தால் ஒழிய எதையும் தவறவிடுகிற மனிதர் இல்லை. ஆகவே உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதாதே. என் மெத்தையை எடுத்து வெயிலில் போடு."

அறையைத் திறந்து காட்டினேன். பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன், ஒரு மணி நேரம் சன்னலிலேயே நின்றார். பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மெத்தையை வெளியே கொண்டுவந்தோம். என் முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. வேலியில் டெல்ஃபின் நின்றுகொண்டிருந்தாள். "சங்கிலியாரே, அது யாரோட மெத்தை?" என்று கத்தினாள்.

"முதல்ல குட்மார்னிங் சொல்லு, டெல்ஃபின்," என்றேன்.

 அவள் குட்மார்னிங் சொன்னாள். அதற்கப்புறம்தான் அது யாருடைய மெத்தை என்று நான் சொன்னேன்.